12 வாரத்துக்கு அப்புறம்: தூக்க ஆய்வாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆய்வாளர்களுக்கும், அவர்களுடைய ஆய்வுகளுக்கு அனுமதி கொடுக்கும் நெறிமுறைக் குழுவினருக்கும்,

வணக்கம். தூக்கக் கோளாறுகளுக்கான மருந்துகளையும் கருவிகளையும் மனிதர்களிடம் சோதித்துப் பார்க்கும் வேலையில் இருக்கிறீர்கள். அந்தச் சோதனைகளின் முடிவை நம்பி எழுதப்பட்ட மருந்துச்சீட்டை வைத்துக்கொண்டு வாழ்கிறவள் நான். உங்களிடம் ஒன்றைக் கேட்கத்தான் இந்த மடல். உங்கள் ஆய்வு முடிந்துவிட்டது என்று நீங்கள் சொல்லும் நாளுக்கு அப்புறமும் எங்களைப் பின்தொடருங்கள். அதற்குத் திட்டமும் பணமும் ஒதுக்காத ஆய்வு உங்கள் மேசைக்கு வந்தால், நெறிமுறைக் குழுவினரே, திருப்பி அனுப்புங்கள்.

இதை ஏன் இவ்வளவு பிடிவாதமாகக் கேட்கிறேன் என்பதை என் நோயை வைத்தே சொல்கிறேன். ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் என்று நீங்கள் சொல்வதை வீட்டில் கால் குடைச்சல் என்போம். பொழுது சாய்ந்து, கொஞ்சம் உட்கார்ந்தால் போதும், ஆரம்பித்துவிடும். வலி என்று சொல்ல முடியாது. காலுக்குள்ளே ஏதோ ஊர்கிற மாதிரி இருக்கும். அசைத்தே ஆகவேண்டும் என்று தவிக்கும். எழுந்து நடந்தால் அடங்கும், படுத்தால் திரும்ப வரும். டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளைப் போல வேலை செய்யும் மாத்திரையை எழுதிக் கொடுத்தார்கள். சாப்பிட்ட சில நாளிலேயே தூங்கினேன். அந்த நிம்மதியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

சில வருடங்கள் போனபின் குடைச்சல் சாயங்காலத்திலிருந்து மதியத்துக்கு நகர்ந்தது. அப்புறம் காலைக்கு. கால் போதாதென்று கைக்கும் ஏறியது. ஒவ்வொரு முறையும் மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள். கூட்டியதும் கொஞ்ச நாள் அடங்கி, முன்னைவிடச் சீக்கிரமாக வந்தது. நோய் முற்றுகிறது என்றார்கள். உண்மையில் மருந்துதான் நோயை வளர்த்துக்கொண்டிருந்தது. ஆக்மென்டேஷன் என்று நீங்கள் பெயர் வைத்திருப்பது இதற்குத்தான். அந்த மாத்திரையிலிருந்து வெளியே வந்த நாட்களை விவரிக்கத் தேவையில்லை. நிறுத்தும்போது என்ன ஆகும் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

மூளையில் டோபமைனாக மாறும் லெவோடோபா என்ற மருந்தைச் சாப்பிட்டவர்களுக்கு இப்படி நடக்கிறது என்று ஆய்வாளர்கள் ரிச்சர்ட் ஆலனும் கிறிஸ்டோபர் எர்லியும் 1996-லேயே எழுதிவிட்டார்கள். இதே நோய்க்கு, நான் சாப்பிட்ட வகையைச் சேர்ந்த ரோபினிரோலை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் (எஃப்டிஏ) அனுமதித்தது 2005-ல். மருந்தையும் வெற்று மாத்திரையையும் ஒப்பிட்ட முக்கியமான ஆய்வுகள் 12 வாரம் ஓடின. அந்த 12 வாரத்தில் மருந்து நன்றாகவே வேலை செய்தது. அதில் பொய் ஒன்றும் இல்லை. எனக்கும் 12 வாரம் நன்றாகத்தான் இருந்தது. அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமியின் புதிய வழிகாட்டுதல் 2025-ல் அச்சாகி வந்தபோது, இந்த வகை மருந்துகளை வழக்கமான சிகிச்சையாகத் தர வேண்டாம் என்றது. முதலில் ரத்தத்தில், உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவைப் பாருங்கள், இரும்புச்சத்து குறைந்திருந்தால் ஏற்றுங்கள், காபாபென்டின் வகை மருந்துகளை யோசியுங்கள் என்றது. 2005-க்கும் 2025-க்கும் இடையில் அந்த மாத்திரையை விழுங்கியவர்கள் எல்லாரும், பெயர் எழுதாத, கணக்கு வைக்காத ஒரு நீண்ட ஆய்வில் இருந்தவர்கள்தான். எங்களிடம் யாரும் ஒப்புதல் கையெழுத்து வாங்கவில்லை. எங்களுக்கு என்ன ஆனது என்று முறையாக எழுதிவைக்கவும் இல்லை.

நீண்ட காலம் பின்தொடர்வது முடியாத காரியம் என்று சொல்லாதீர்கள். உங்கள் துறையே அதைச் செய்து காட்டியிருக்கிறது. கனவு காணும்போது நம் தசைகள் தளர்ந்து செயலற்று இருக்க வேண்டும். சிலருக்கு அந்தத் தளர்வு வராது. கனவில் அடித்தால் கையால் அடிப்பார்கள், கனவில் ஓடினால் கட்டிலிலிருந்து விழுவார்கள். கார்லோஸ் ஷெங்க்கும் மார்க் மஹோவால்டும் 1986-ல் இதைத் தனி நோயாக விவரித்தார்கள். குளோனாசெபாம் என்ற மருந்தைக் கொடுத்தால் பெரும்பாலானவர்களுக்கு அடங்கியது. அதோடு கோப்பை மூடியிருந்தால், படுக்கையில் அடிபடாமல் காப்பாற்றும் ஒரு நல்ல மருந்து என்ற செய்தி மட்டும்தான் உலகத்துக்குக் கிடைத்திருக்கும். அவர்கள் மூடவில்லை. அதே நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்தார்கள். 1996-ல் வந்த அறிக்கையில், 29 ஆண்களில் 38 சதவீதம் பேருக்குப் பார்க்கின்சன் போன்ற நோய் வந்திருந்தது. 2019-ல் 24 மையங்கள் சேர்ந்து 1,280 பேரின் விவரங்களைத் தொகுத்தன. வருடத்துக்கு ஏறக்குறைய 6 சதவீதம் பேர், 12 வருடத்தில் 70 சதவீதத்துக்கும் மேலானவர்கள், பார்க்கின்சன் அல்லது அதை ஒட்டிய மூளைச் சிதைவு நோய்க்குப் போகிறார்கள் என்று தெரிந்தது. இன்று பார்க்கின்சனை முளையிலேயே தடுக்க மருந்து தேடுகிறவர்கள் முதலில் திரும்பிப் பார்ப்பது இந்த நோயாளிகளைத்தான். நோயாளியைக் கைவிடாமல் வருடக்கணக்கில் பார்த்ததால் வந்த அறிவு இது. (இந்த நோயாளிகளிடம் பின்னால் வரக்கூடியதைப் பற்றி எப்போது, எப்படிச் சொல்வது, அதைத் தெரிந்துகொள்ள அவர்கள் விரும்புகிறார்களா என்பதை ஒப்புதல் வாங்கும் நாளிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.)

குறுகிய ஆய்வுக்கு இன்னொரு ஆபத்து இருக்கிறது. நேரம் குறைவாக இருக்கும்போது, சீக்கிரம் மாறக்கூடிய ஓர் எண்ணைத் தேர்ந்தெடுத்து, அது குறைந்தால் வெற்றி என்று சொல்லிவிடத் தோன்றும். தூக்கத் துறையில் அந்த எண் பெரும்பாலும் தூங்கும்போது ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை மூச்சு நின்றது அல்லது குறைந்தது என்ற கணக்கு. 5-க்கு மேல் லேசானது, 15-க்கு மேல் நடுத்தரம், 30-க்கு மேல் கடுமை. மூச்சு குறைந்தது என்று எதைச் சொல்வது என்பதிலேயே உங்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. ஆக்சிஜன் 3 சதவீதம் இறங்கினாலோ விழிப்பு தட்டினாலோ போதும் என்று ஒரு விதி, 4 சதவீதம் இறங்கியே ஆகவேண்டும் என்று இன்னொரு விதி. ஒரே மனிதர், ஒரே இரவு. ஒரு விதிப்படி நோயாளி, இன்னொரு விதிப்படி இல்லை.

அந்த எண்ணை மட்டும் நம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு செர்வ்-எச்எஃப் ஆய்வு ஒன்றே போதும். இதயம் பலவீனமானவர்களில் சிலருக்கு, தூக்கத்தில் மூச்சு விடச் சொல்லும் கட்டளையே மூளையிலிருந்து விட்டு விட்டு வரும். அவர்களுடைய மூச்சைக் கவனித்து, தேவையான நேரத்தில் காற்றைத் தள்ளும் ஒரு நவீன மெஷினைச் சோதித்தார்கள். 1,325 பேர். மணிக்கு 31 முறைக்கு மேல் இருந்த மூச்சுத்தடை, மெஷின் போட்டவர்களுக்கு ஒரு வருடத்தில் 6.6-க்கு இறங்கியது. அங்கேயே நிறுத்தியிருந்தால் மாபெரும் வெற்றி என்று அறிவித்திருக்கலாம். நல்லவேளை, அவர்கள் மரணங்களையும் எண்ணினார்கள். 2015-ல் முடிவு வந்தது: மெஷின் பிரிவில் 29.9 சதவீதம் பேர் இதயக் காரணங்களால் இறந்திருந்தார்கள். மெஷின் இல்லாத பிரிவில் 24 சதவீதம். ஆய்வுக்குப் பணம் கொடுத்த நிறுவனமே, முழு முடிவும் அச்சாவதற்கு முன்பே, மே மாதத்தில் மருத்துவர்களுக்கு எச்சரிக்கை அனுப்பியது. அந்த ஆய்வை நடத்தியவர்களுக்கு என் நன்றி. ஆனால் மூச்சுக் கணக்கு குறைந்ததை மட்டும் காட்டி வெளிவரும் ஒவ்வொரு கருவியின் செய்தியைப் படிக்கும்போதும் எனக்கு இந்த ஆய்வுதான் ஞாபகம் வருகிறது.

ஆய்வில் யாரைச் சேர்க்கிறீர்கள் என்பதையும் இதோடு சேர்த்துத்தான் பேச வேண்டியிருக்கிறது. 1981-ல் காலின் சல்லிவன் சிட்னியில் வாக்யூம் கிளீனர் மோட்டாரை வைத்துச் செய்த, தூக்கத்தில் மூச்சுப்பாதை மூடிக்கொள்ளாமல் மாஸ்க் வழியாகக் காற்றைச் செலுத்தும் காற்றழுத்தக் கருவி, இன்று சிபாப் என்ற பெயரில் எத்தனையோ பேரின் தலைமாட்டில் இருக்கிறது. அது மாரடைப்பையும் பக்கவாதத்தையும் குறைக்குமா என்று பார்க்க 'சேவ்' ஆய்வு 2,717 பேரைச் சேர்த்து, சராசரியாக மூன்றரை வருடத்துக்கும் மேல் பின்தொடர்ந்தது. 2016-ல் வந்த பதில்: குறைக்கவில்லை. பகல் தூக்கம் குறைந்தது, மனநிலையும் வாழ்க்கைத் தரமும் மேம்பட்டன என்பதும் அதே ஆய்வில் இருந்தது. ஆனால் ஊருக்குப் பரவியது முதல் வரி மட்டும்தான்.

அந்தப் பதிலுக்குள்ளே இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. சேர்ந்தவர்கள் ஓர் இரவில் சராசரியாக 3.3 மணி நேரம்தான் மெஷினைப் போட்டார்கள். பகலில் மிகக் கடுமையாகத் தூங்கி வழிபவர்களை ஆய்வில் சேர்க்கவே இல்லை. அவர்களைச் சிகிச்சை இல்லாத பிரிவில் விட்டால் வண்டி ஓட்டும்போது கண்ணயர்ந்துவிடுவார்கள் என்ற பயம் நியாயமானதுதான். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் மெஷின் யாருக்கு மிகவும் தேவையோ அவர்களைப் பற்றி அந்த ஆய்வு எதுவும் சொல்லவில்லை என்பதைச் சுருக்கத்தின் முதல் வரியிலேயே எழுதியிருக்கலாம். அப்புறம் அந்த 3.3 மணி நேரம். ஏன் அவ்வளவுதான்? மாஸ்க் அழுத்துகிறதா, மூக்கு அடைக்கிறதா, பக்கத்தில் படுத்திருப்பவர் சத்தம் தாங்காமல் எழுந்து போகிறாரா, முகத்தை மூடினால் மூச்சு முட்டுகிற பயமா? நோயாளி ஒத்துழைக்கவில்லை என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். ஒத்துழைக்க முடியாத அளவுக்கு ஒரு சிகிச்சை கடினமாக இருந்தால் அதுவும் அந்தச் சிகிச்சையைப் பற்றிய முடிவுதான், எங்கள் குணத்தைப் பற்றியது இல்லை.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். தூக்கத்தில் மூச்சுத்தடை என்றால் பருத்த உடம்பு, பெரிய குறட்டை, நடுவயது ஆண் என்ற சித்திரம் உங்கள் கேள்வித்தாளிலேயே இருக்கிறது. ஸ்டாப்-பேங் என்ற பிரபலமான எட்டுக் கேள்விப் பட்டியலில் ஆணாக இருப்பதற்கே ஒரு மதிப்பெண். பெண்களில் பலர் குறட்டையைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. அசதி, தலைவலி, தூக்கம் வரவில்லை, மனசு சரியில்லை என்று வருகிறார்கள். மனச்சோர்வு மாத்திரையோடு திரும்பிப் போகிறார்கள். மருந்து அளவிலும் இதே கதைதான். சோல்பிடெம் என்ற தூக்க மாத்திரை அமெரிக்காவில் அனுமதி பெற்றது 1992-ல். பெண்களின் உடம்பிலிருந்து அது மெதுவாக வெளியேறுகிறது, அதனால் 10 மில்லிகிராமை 5 ஆகக் குறையுங்கள் என்று எஃப்டிஏ சொன்னது 2013 ஜனவரியில். 10 மில்லிகிராம் சாப்பிட்டு எட்டு மணி நேரம் கழித்தும், பெண்களில் ஏறக்குறைய 15 சதவீதம் பேருக்கு வண்டி ஓட்டுவதைப் பாதிக்கும் அளவு மருந்து ரத்தத்தில் இருந்தது. ஆண்களில் 3 சதவீதம். காலையில் எழுந்து வண்டியை எடுத்த பெண்கள் ஏறக்குறைய இருபது வருடம் அந்த அளவைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சோதனையில் பெண்களைச் சேர்ப்பதோடு நிறுத்தாமல், அவர்களுடைய முடிவைத் தனியாகப் பிரித்து அச்சிட வேண்டும் என்று நெறிமுறைக் குழுக்கள் கட்டாயப்படுத்தினால் போதும். இதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை.

ஆய்வு பாதியில் நின்றுபோனால் எங்களுக்கு என்ன ஆகும் என்பது இன்னும் கடினமான விஷயம். நார்கோலெப்ஸி நோயாளிகளை நினைத்துப் பாருங்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே தூக்கம் இழுத்துக்கொண்டு போகும். பலமாகச் சிரித்தால் முழங்கால் மடங்கி விழுவார்கள். விழிப்பைத் தாங்கிப் பிடிக்கும் ஒரெக்சின் என்ற மூளைப் பொருள் 1998-ல் கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த வருடமே, ஸ்டான்ஃபோர்டில் இந்த நோயோடு வளர்க்கப்பட்ட நாய்களிடம் அதன் சமிக்ஞையை வாங்கும் ஏற்பி பழுதாகியிருப்பதை எம்மானுவேல் மின்யோவின் குழு காட்டியது. 2000-ல் மனித நோயாளிகளின் தண்டுவட நீரில் அந்தப் பொருள் ஏறக்குறைய இல்லவே இல்லை என்று தெரிந்தது. இல்லாத அந்தப் பொருளின் வேலையைச் செய்யும் முதல் மாத்திரைகளில் ஒன்றான டாக்-994 சோதனைக்கு வந்தபோது, விழித்திருக்கும் திறன் நோயாளிகளிடம் வெகுவாகக் கூடியது. சிலருக்குக் கல்லீரல் பாதித்ததால் 2021-ல் ஆய்வை நிறுத்தினார்கள். நிறுத்தியதுதான் சரி. ஆனால் வாழ்க்கையில் முதல் தடவையாக முழுப் பகலும் விழித்திருந்து பார்த்த ஒருவர், மறுபடி பழைய மயக்கத்துக்குள் போவதை யோசித்துப் பாருங்கள். அந்த இறக்கத்தில் அவருக்குத் துணை யார்? பழைய மருந்தை யார் திரும்பச் சீர்செய்வார்கள்? கல்லீரலை எவ்வளவு நாள் பார்ப்பார்கள்? அடுத்த மருந்தின் சோதனையில் அவருக்கு முன்னுரிமை உண்டா? ஆய்வுக்குப் பிந்தைய ஏற்பாடுகளை ஆய்வு தொடங்கும் முன்பே செய்ய வேண்டும் என்று, மனிதர்களிடம் நடத்தும் மருத்துவ ஆய்வுகளுக்கான உலக நெறிமுறையான ஹெல்சிங்கி பிரகடனம் சொல்கிறது. ஒப்புதல் படிவங்களில் அது பல சமயம் ஒரு மங்கலான வரியாகத்தான் வந்து சேர்கிறது. படிவம் எழுதுகிறவர்கள் மேலே கேட்ட கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் எழுதட்டும்.

பணம் யார் தருவது என்று கேட்பீர்கள். மருந்து விற்பனைக்கு வந்தபின் ஐந்து வருடம் நோயாளிகளைப் பார்க்க எந்த நிறுவனமும் தானாக முன்வராது, தெரியும். அதனால்தான் அனுமதியோடு அந்தக் கடமையையும் சேர்த்துக் கட்டச் சொல்கிறேன். விற்க எதுவும் இல்லாத சிகிச்சைகளுக்குப் பொதுப்பணம்தான் வழி. தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சையாக அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் சங்கம் 2016-ல் பரிந்துரைத்தது மாத்திரையை இல்லை. படுக்கை நேரத்தையும் பழக்கத்தையும் தூக்கம் பற்றிய பயத்தையும் மாற்றும் சிபிடி-ஐ என்ற பயிற்சியை. அதன் அடிப்படைகளை ரிச்சர்ட் பூட்ஸின் 1972-லும் ஆர்தர் ஸ்பீல்மன் 1987-லும் எழுதிவிட்டார்கள். இருந்தும் புதிய தூக்க மாத்திரைகளைப் பெரும்பாலும் வெற்று மாத்திரையோடுதான் ஒப்பிடுகிறார்கள். ஒரு வருடம் கழித்து, மாத்திரையை நிறுத்தியபின், இரண்டில் எதை எடுத்தவர்கள் நன்றாகத் தூங்குகிறார்கள் என்பதைத்தான் நாங்கள் தெரிந்துகொள்ள விரும்புகிறோம்.

செலவும் முன்பு போல இல்லை. சிபாப் மெஷின்கள் ஒவ்வோர் இரவும் எத்தனை மணி நேரம் ஓடின என்பதைத் தாமாகவே பதிவுசெய்து அனுப்புகின்றன. அந்தத் தகவல் இப்போது விற்பனையாளரிடமும் காப்பீட்டாளரிடமும் போய்ச் சேர்கிறது. எங்கள் அனுமதியோடு அது உங்களிடமும் வரட்டும். மணிக்கட்டில் கட்டும் அசைவுமானி மாதக்கணக்கில் பதிவுசெய்யும். வயர்களோடு படுத்த முதல் இரவில் யாரும் ஒழுங்காகத் தூங்குவதில்லை என்பது 1966-லிருந்து ஆய்வேடுகளில் இருக்கிறது. அந்த ஓர் இரவைவிட வீட்டில் பதிவான நூறு இரவுகள் கூடுதலாகச் சொல்லும். பகலையும் கேளுங்கள். டாரிடோரெக்சன்ட் என்ற தூக்க மாத்திரையின் ஆய்வில், இரவு நிமிடங்களோடு நிறுத்தாமல், மறுநாள் தெம்பு, கவனம், மனநிலை எப்படி என்று நோயாளிகளிடமே கேட்கும் அளவுகோலையும் வைத்திருந்தார்கள். அது எல்லா ஆய்விலும் வரவேண்டும்.

பாதியில் விலகியவர்களைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். மருந்து ஒத்துக்கொள்ளாமல் நின்றவர், மாஸ்க்கைத் தாங்க முடியாமல் கழற்றி வைத்தவர், பயந்து வராமல் போனவர், இவர்களிடம்தான் உங்களுக்குத் தேவையான பதில்கள் அதிகம் இருக்கின்றன. எதிர்பார்த்த முடிவு வராத ஆய்வையும் அச்சிடுங்கள். முடிவை ஆங்கிலக் கட்டுரையாக இதழில் போடுவதோடு விடாமல், உடம்பைக் கொடுத்தவர்களுக்கு அவரவர் மொழியில் ஒரு பக்கக் கடிதமாக அனுப்புங்கள். ஆய்வின் கேள்வியைத் தீர்மானிக்கும் கூட்டத்திலேயே நோயாளிகளுக்கு இரண்டு நாற்காலி போடுங்கள். கால் குடைச்சல் உள்ள ஒருவரை ஆரம்பத்திலேயே கேட்டிருந்தால், எத்தனை மணிக்குக் குடைச்சல் தொடங்குகிறது என்ற கேள்வியை முதல் வருடமே சேர்த்திருப்பார். ஆக்மென்டேஷன் அதில்தான் முதலில் தெரியும்.

எங்கள் பக்கத்திலிருந்தும் ஒரு வாக்குறுதி. நான் இப்போது வேறு சிகிச்சையில் இருக்கிறேன், ஓரளவு தூங்குகிறேன். பழைய மாத்திரை எனக்குச் செய்ததை நாள் குறிப்போடு, மருந்தளவோடு, மணிக்கணக்கோடு எழுதிவைத்திருக்கிறேன். இதேபோல எழுதிவைத்திருப்பவர்கள் பலரை எனக்குத் தெரியும். நீண்டகாலப் பதிவேடு ஒன்றை நீங்கள் தொடங்கினால் அவ்வளவையும் தருகிறோம், வருடத்துக்கு ஒருமுறை கூப்பிட்டால் வருகிறோம், ரத்தம் கேட்டாலும் கொடுக்கிறோம். தற்போதைய மருந்துக்கு ஐந்தாவது வருடத்தில் என்ன ஆகும் என்று என் மருத்துவரிடம் கேட்டபோது, அதைச் சொல்லும் அளவுக்கு நீண்ட ஆய்வு தன்னிடம் இல்லை என்றார். அந்த ஆய்வை எப்போது தொடங்குகிறீர்கள் என்று தெரியப்படுத்துங்கள்.

இப்படிக்கு,
கால் குடைச்சலோடு வாழும் ஒரு பெண்